பெரியவள், நடுவுள்ளவன், குட்டி: மூன்று பேரோடு பக்கத்துப் பூங்காவுக்குப் போவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாநகராட்சிப் பூங்கா. சென்னையில் பல பேட்டைகளில் இருக்கிற மாதிரியானதுதான்: சுற்றிலும் நடைபாதை, ஒரு மூலையில் எட்டு போட்டு நடக்கிற பாதை, இன்னொரு மூலையில் பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகள், நடுவில் பிள்ளைகளுக்கென்று இரண்டு சறுக்குமரம், நான்கு ஊஞ்சல், ஒரு சீசா, ஒரு ராட்டினம், கொஞ்சம் மணல். என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6, பக்கத்து வீட்டில் இருக்கும் தங்கையின் மகளுக்கு 2. தங்கை வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும் என்பதால் மாலையில் மூன்று பேரும் என்னோடுதான். பூங்கா பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற அம்மாக்கள், அப்பாக்கள், முக்கியமாகப் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வருகிற பாட்டி தாத்தாக்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை மணிக்குப் போவது நல்லது?

இருப்பதிலேயே சின்னப் பிள்ளையின் தூக்கத்தையும் பசியையும் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள். 11 வயதுக்காரி பசியை அரை மணி நேரம் தள்ளிப்போடுவாள், 2 வயதுக்கு அது முடியாது. எங்கள் குட்டி மத்தியானத் தூக்கம் கலைந்து எழுவது நாலு மணிக்கு, எழுந்ததும் பால், ஒரு வாழைப்பழம், அப்புறம் நாலே முக்காலுக்குச் செருப்பு மாட்டினால் ஆறு மணி வரை சிணுங்காமல் இருப்பாள். அந்த ஒன்றே கால் மணி நேரம்தான் எங்கள் கணக்கு.

சில பூங்காக்களை மத்தியானம் பூட்டிவிடுவார்கள், வாசலில் நேரம் எழுதிய பலகை இருக்கும், முதல் தடவை போகும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கத்திரி வெயிலில் ஐந்தரைக்கு முன்னால் போய்ப் பயனில்லை. இரும்புத் தகடு போட்ட சறுக்குமரம் மட்டும்தான் சுடும் என்று நினைக்கிறார்கள், பிளாஸ்டிக்கும் தரையில் விரித்திருக்கும் ரப்பரும் கூடத் தோல் கன்றிப்போகிற அளவுக்குச் சூடேறும், சூடு பட்டதும் எழுந்து ஓடத் தெரியாத வயதுக் குழந்தைதான் அதில் அதிகம் மாட்டிக்கொள்ளும். உட்கார வைப்பதற்கு முன் உங்கள் புறங்கையை அதன்மேல் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்று அது வேண்டாம்.

மழைக்காலத்தில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, கொசுவுக்காக முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் போட்டுவிடுங்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னாலும் அதிகம். நாம் பூங்காவில் இருக்கிற நேரமும் அதுதான்.

ஒரு ஆள், மூன்று பிள்ளைகள். எல்லோரையும் எப்படிக் கண்ணில் வைத்திருப்பது?

எல்லோரையும் ஒரே மாதிரி பார்க்கத் தேவையில்லை. குட்டிக்கு நான் கை எட்டும் தூரத்தில் இருப்பேன், நடுவுள்ளவனுக்குக் கண் எட்டும் தூரத்தில், பெரியவளுக்குக் குரல் எட்டும் தூரத்தில். இதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், அவள் நடைபாதை முழுக்கச் சுற்றலாம், அவன் விளையாட்டுக் கருவிகள் இருக்கிற இடத்தைத் தாண்டக் கூடாது.

எல்லோரும் குட்டியைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள், ஆனால் எங்கள் வீட்டில் அடிபட்டதெல்லாம் நடுவுள்ளவனுக்குத்தான். அக்கா தொங்குகிற கம்பியில் தானும் தொங்க வேண்டும், அக்கா குதிக்கிற உயரத்திலிருந்து தானும் குதிக்க வேண்டும் என்கிற ஆசை அவனுக்கு உண்டு, கையில் அந்தப் பலம் கிடையாது. அதனால் குட்டி மணலில் உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் என் கண் அவன்மேல்தான் இருக்கும். அவனை மேலே ஏற்றிவிடுவதே இல்லை, தூக்கி வைக்காமல் தானாக எவ்வளவு ஏறுகிறானோ அவ்வளவுதான். தானாக ஏறத் தெரிந்த உயரத்திலிருந்து பிள்ளைகளுக்கு இறங்கவும் ஓரளவு வழி தெரிகிறது, நாம் தூக்கி வைத்த உயரத்தில்தான் நடுங்கிப்போய் நிற்கிறார்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். நிழல் எங்கே என்று பார்ப்பதைவிட வாசல் கேட் கண்ணில் படுகிறதா என்று பார்த்து உட்காருங்கள்.

பெரியவளிடம் "தம்பியைப் பார்த்துக்கோ, பாப்பாவைப் பார்த்துக்கோ" என்று விட்டுவிடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். விடாதீர்கள்.

நானும் முதலில் அப்படித்தான் செய்தேன், அவள் பொறுப்பான பிள்ளை, சொன்னால் கேட்பாள், அதனால் அவள் தலையில் ஏற்றுவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஒருநாள் "நீங்க மூணு பேரும் போங்கம்மா, நான் வீட்டுல இருக்கேன்" என்றாள். ஏன் என்று கேட்டபோது, "பார்க்குக்கு வந்தா எனக்கு வேலைதானே" என்றாள். 9 வயசு அப்போது. அவள் வயதுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஐஸ்பாய் ஆடும்போது அவள் இடுப்பில் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள், எத்தனையோ நாள், நான் பெஞ்சில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம் வீடுகளில் இது பெரும்பாலும் மூத்த பெண் பிள்ளைக்குத்தான் நடக்கிறது. மூத்தது பையன் என்றால் கிரிக்கெட் மட்டையோடு ஓடிவிடுவான், யாரும் கூப்பிடுவதில்லை. மூத்தது பெண் என்றால் "அக்கா இருக்காளே" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள், அவளும் விளையாட வந்த பிள்ளைதான் என்பது மறந்துபோகிறது.

இப்போது நாங்கள் செய்வது: பூங்காவுக்குள் நுழைந்ததிலிருந்து முதல் முக்கால் மணி நேரம் அவளுடையது, யாரும் அவளைக் கூப்பிட மாட்டோம். அதற்கு அப்புறம் ஒரு பத்து நிமிடம், குட்டிக்குக் கழிப்பறை போக வேண்டும் என்கிற மாதிரி அவசரம் வந்தால், "தம்பி பக்கத்துல நிக்கிறியா?" என்று கேட்பேன். கேட்பேன், உத்தரவு போட மாட்டேன். அவள் முடியாது என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு போவேன். இப்படி ஆரம்பித்த பிறகு அவளே சில நாள் வந்து குட்டியை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறாள். அவசரத்துக்கு உதவுவது வேறு, மாலை முழுக்கக் காவல் காப்பது வேறு, 11 வயதுப் பிள்ளைக்கு ராட்டினத்தில் கால் மாட்டிய குழந்தையை என்ன செய்வது என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நடுவுள்ளவனைப் பெரிய பிள்ளைகள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. அழுகிறான். என்ன செய்யலாம்?

நம் பாட்டிமார் காலத்திலேயே இதற்கு வழி இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. சிலர் உப்புக்குச் சப்பாணி என்பார்கள். ஆட்டத்தில் இருப்பான், ஓடுவான், ஒளிவான், பிடிபட்டாலும் அவுட் கிடையாது, அவனால் எந்த அணிக்கும் லாபமோ நட்டமோ கிடையாது. பெரிய பிள்ளைகளுக்கு ஆட்டம் கெடாது, சின்னவனுக்கும் சேர்த்துக்கொண்டார்கள் என்கிற சந்தோஷம். சப்பாணி என்ற சொல்லுக்கு நடக்க முடியாதவர் என்றும் பொருள் இருப்பதால் அந்தப் பெயரை நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை, எங்கள் பூங்காவில் "ஜோக்கர்" என்கிறார்கள், சீட்டாட்டத்தில் எதனோடும் சேரும் சீட்டு மாதிரி. பெயர் எதுவாக இருந்தாலும் சரி.

ஆனால் இதைப் பெரியவர்கள் போய்த் திணிக்கக் கூடாது. "அவனையும் சேர்த்துக்கோங்கடா" என்று நாம் அதட்டினால் சேர்ப்பார்கள், இரண்டு நிமிடத்தில் வேறு ஆட்டத்துக்கு மாறிவிடுவார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன், சா பூ த்ரீ போடுகிற நேரத்தில், அவனே போய்க் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று வீட்டில் சொல்லிக் கொடுங்கள். "நானும் வரேன், எனக்கு அவுட் வேணாம்" என்று கேட்கச் சொன்னேன், பத்துக்கு ஏழு தடவை சேர்த்துக்கொள்கிறார்கள்.

வயது கலந்து ஆடுவதற்கென்றே பொருத்தமான ஆட்டங்களும் உண்டு. ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்தது விளையாட்டில் 3 வயதிலிருந்து 12 வரை யாரும் நிற்கலாம். பாண்டி ஆடும்போது பெரியவளுக்கு ஒற்றைக் கால், சின்னவனுக்கு இரண்டு காலும் ஊன்றலாம் என்று விதியை மாற்றிக்கொள்ளலாம். கபடி, கிரிக்கெட் போன்றவற்றில் வயது கலப்பது நல்லதில்லை, அங்கே பந்தின் வேகமும் உடம்பின் எடையும் சின்னவனுக்கு ஆபத்து.

2 வயதுக் குழந்தையை எந்த ஆட்டத்திலும் சேர்க்க முயல வேண்டாம். அந்த வயதில் இன்னொரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக விளையாடுவதே அதற்குப் பெரிய கூட்டாளித்தனம்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் சறுக்கலாமா? அப்போதுதானே பாதுகாப்பு?

வேண்டாம். பாசத்தோடு செய்வதுதான், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மடியில் இருக்கிற குழந்தையின் செருப்போ ஷூவோ சறுக்குமரத்தின் ஓரத்தில் மாட்டிக்கொண்டால் கால் அங்கேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் நம் எடையோடும் வேகத்தோடும் கீழே போகும். குழந்தை தனியாக வந்திருந்தால் அதன் சொந்த எடைக்கு அப்படியே நின்றிருக்கும். இப்படித்தான் கீழ்க்கால் எலும்பு முறிகிறது, குழந்தை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. 11 வயது அக்கா மடியில் வைத்துச் சறுக்கினாலும் இதே கதைதான்.

உயரம் குறைந்த சறுக்குமரத்தில் குழந்தையை மட்டும் உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று அக்குளில் கை கொடுத்துக் கூடவே இறங்கி வாருங்கள். அந்த அளவுக்குத் தாழ்வான சறுக்குமரம் உங்கள் பூங்காவில் இல்லை என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

எந்தக் கருவி எந்த வயதுக்கு? பலகையில் "12 வயதுக்கு உட்பட்டோர்" என்று மட்டும்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டுத் திடல்களுக்கென்று ஒரு கையேடு வைத்திருக்கிறது. அதில் 2 வயதுக்குக் கீழ், 2 முதல் 5, 5 முதல் 12 என்று பிரித்து, சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் இடத்தையே தள்ளித் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். நம் பூங்காக்களில் பெரும்பாலும் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் அந்தப் பிரிவினையை நாம்தான் மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

5 வயதுக்குக் கீழே, கையால் பிடித்துத் தொங்கிப் போகிற மங்கி பாரும் வேகமாகச் சுற்றும் ராட்டினமும் வேண்டாம். சீசாவில் எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறவர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும், 11-ம் 6-ம் உட்கார்ந்தால் பெரியது இறங்கியதும் சின்னது தொப்பென்று விழும், இறங்குவதற்கு முன் சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள்.

கையில் ஒரு அளவு டேப் இருந்தால் ஒருநாள் கொண்டுபோய்க் கம்பிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை அளந்து பாருங்கள். மூன்றரை அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குக் கீழ் இருக்கிற சந்துகள்தான் ஆபத்து என்கிறது அதே கையேடு, சின்னக் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்கிற அளவு அது.

ஊஞ்சல் பக்கத்தில் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

ஊஞ்சல் மாட்டியிருக்கிற கம்பி தரையிலிருந்து 8 அடி உயரம் என்றால் முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி காலியாக இருக்க வேண்டும், அதாவது உயரத்தைப் போல இரண்டு மடங்கு. நம் பூங்காவில் அவ்வளவு இடம் எங்கே என்று கேட்பீர்கள். இருக்காது, நடைபாதையே அதற்குள் வந்துவிடும். அதனால்தான் 2 வயதுக் குழந்தையோடு ஊஞ்சலுக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கவே நடக்காதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். ஆடுகிற பிள்ளைக்கு நிறுத்தத் தெரியாது, நடக்கிற குழந்தைக்கு ஒதுங்கத் தெரியாது. பெரியவளிடமும் நடுவுள்ளவனிடமும் நான் ஓயாமல் சொல்வது இது ஒன்றைத்தான்.

தரை எப்படி இருக்க வேண்டும்?

சிமெண்ட் தரைமேல் கருவி நின்றால் அங்கே உயரம் ஏற விடாதீர்கள். மணல் போட்டிருந்தால் எவ்வளவு ஆழம் என்று குச்சி விட்டுப் பாருங்கள், 9 அங்குல மணல் இருந்தால்தான் 4 அடி உயரத்திலிருந்து விழுவதை ஓரளவு தாங்கும். பிள்ளைகள் கால் படப்பட ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரத்தின் கீழ் முனையிலும் மணல் விலகிக் குழியாகியிருக்கும். விழுகிற இடமும் அதுதான். வந்ததும் ஐந்து நிமிடம் காலால் மணலைத் தள்ளி நிரவுங்கள், நடுவுள்ளவனுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

என்ன போட்டுவிட வேண்டும், என்ன கூடாது?

கழுத்தில் எதுவும் கூடாது. பள்ளியிலிருந்து நேராக வந்து கழுத்தில் அடையாள அட்டைக் கயிற்றோடு சறுக்குமரத்தில் ஏறுகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன், அந்தக் கயிறு மேலே ஏதாவது ஒரு முனையில் மாட்டிக்கொண்டால் பிள்ளை தொங்கிவிடும். தாயத்துக் கயிறு, செயின், துப்பட்டா, தொப்பி வைத்த சட்டையின் நாடா எல்லாம் அப்படித்தான். சைக்கிள் ஓட்டிவிட்டு வருகிற பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும், தலை நுழையாத சந்தில் உடம்பு நுழைந்துவிடும் என்று முன்பே சொன்னேன், ஹெல்மெட் போட்ட தலை இன்னும் மோசம்.

பாவாடை அழகுதான், ஏறி விளையாட ஆகாது. மகளுக்கு உள்ளே ஷார்ட்ஸ் போடச் சொல்லியிருந்தேன், இப்போது பேண்ட் மட்டும்தான். செருப்பைவிடப் பின்னால் வார் வைத்தது நல்லது.

மணலில் உட்கார வைக்கலாமா? நாய், பூனையெல்லாம் வருமே?

உட்கார வைக்கலாம், பார்த்துவிட்டு. மேல் மணலைக் கிளறிப் பாருங்கள், அசுத்தம் இருந்தால் அன்றைக்கு மணல் இல்லை. வெறுங்காலோடு விட வேண்டாம், கொக்கிப்புழு பாதத்தோல் வழியாகவே உள்ளே போகும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நகத்தைப் பார்த்து, அப்புறம்தான் வாயில் ஏதாவது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் 1 வயது முதல் 19 வரை பூச்சி மாத்திரை கொடுப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

மணலில் இன்னொரு சண்டை வரும். சின்னது குவித்துக் கட்டியதைப் பெரியது வந்து காலால் எத்திவிட்டு ஓடும். பிள்ளைத்தமிழில் பெண் பிள்ளைகள் கட்டிய சிற்றிலை, அதாவது மணல் வீட்டை, சிறுவன் சிதைப்பதற்கென்றே ஒரு பருவம் பாடி வைத்திருக்கிறார்கள், அவ்வளவு காலமாக நடக்கிறது. அதற்காக ரசித்துக்கொண்டிருக்க முடியாது. எத்தியவனைத் திட்டி அனுப்புவதற்குப் பதிலாக, "வா, இதைவிடப் பெருசா கட்டிக் கொடு" என்று உட்கார வைத்துப் பாருங்கள். 8 வயதுப் பையன் ஒருவன் அப்படி உட்கார்ந்தவன் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை, கால்வாயெல்லாம் வெட்டி, வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்து விட்டான்.

ஊஞ்சலுக்கு வரிசை. ஒரு பிள்ளை இறங்கவே மாட்டேன் என்கிறது. அதன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

எண்ணிக்கை வைத்தால் சண்டை குறையும். எங்கள் பூங்காவில் ஐம்பது ஆட்டம் ஆனதும் இறங்க வேண்டும், வரிசையில் நிற்கிற பிள்ளைகளே சத்தமாக எண்ணுவார்கள், காத்திருப்பதும் ஒரு விளையாட்டாகிவிடும், எண்ணவும் பழகுவார்கள். வேறு பிள்ளையிடம் நேராகப் பேசுவதில் தவறில்லை, "கண்ணா, இன்னும் பத்து ஆடிட்டு இவனுக்குக் குடுக்கிறியா?" என்றால் பெரும்பாலும் கொடுத்துவிடும். அம்மாவிடம் புகார் மாதிரிப் போனால் அவருக்குச் சங்கடம், பிள்ளைக்கு அடி விழும், அது நமக்கு வேண்டாம்.

காய் விட்டுக்கொண்டால் தலையிடாதீர்கள். மறுநாள் பழம் விட்டுக்கொள்வார்கள்.

பெரியவர்களின் உடற்பயிற்சிக் கருவிகளில் பிள்ளைகள் ஆடலாமா?

கூடாது. அவை பெரியவர்களின் கை கால் நீளத்துக்குச் செய்தவை. ஒரு பிள்ளை ஏறி நின்று ஆட்டும்போது இன்னொன்று கீழே கை வைத்தால் இரும்புக்கு நடுவில் விரல் நசுங்கும். ஊஞ்சல் காலியாக இல்லாததால்தான் பிள்ளைகள் அங்கே போகிறார்கள், அந்த நேரத்தில் கையில் ஒரு பந்தோ சாக்பீஸோ இருந்தால் திசை திருப்பலாம். நான் பையில் எப்போதும் சாக்பீஸ் வைத்திருப்பேன்.

நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் "பிள்ளைங்களை அடக்குங்க" என்று திட்டுகிறார்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி சரி. முட்டி வலியோடு, சர்க்கரைக்காக நடக்க வந்த 70 வயதுக்காரர்மேல் காலால் தள்ளும் ஸ்கூட்டர் ஓட்டுகிற பிள்ளை மோதினால் அவருக்கு இடுப்பெலும்பு போய்விடும். அதனால் நடைபாதையில் ஓடிப்பிடிப்பதும் சக்கரம் வைத்த எதையும் ஓட்டுவதும் கூடாது என்று நம் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுவோம். சத்தம் போடக் கூடாது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டுக்காரருக்காக ஓடாதே, பள்ளியில் பேசாதே, டியூஷனில் அசையாதே என்று நாள் முழுக்க அடங்கிய பிள்ளை வாய்விட்டுக் கத்துவதற்கு இருப்பது இந்த ஒரு இடம். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு சொல்கிறது, இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. இதையெல்லாம் சட்டமாகப் பேச வேண்டியதில்லை, "மன்னிச்சுக்கோங்க ஐயா, பாதையில ஓட விட மாட்டேன், இந்தப் பக்கம் மட்டும் ஆடட்டும்" என்றால் பெரும்பாலும் சரி என்றுவிடுவார்கள். எங்களிடம் முதலில் கோபித்த தாத்தா ஒருவர் இப்போது நடுவுள்ளவனுக்குப் பம்பரத்தில் சாட்டை சுற்றக் கற்றுக்கொடுக்கிறார்.

விழுந்து அடிபட்டால் முதலில் என்ன செய்வது?

மற்ற இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைப்பது. ஒருவர் விழுந்த பதற்றத்தில் மற்றவர் கேட்டைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

தலையில் அடி என்றால், நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்ப முடியாத மாதிரித் தூங்கினாலோ, காது மூக்கிலிருந்து நீரோ ரத்தமோ வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். கை கால் வீங்கி, ஊன்ற முடியாமல் அழுதால் அசைக்காமல் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள், எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டாம், இதைச் சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் உருவுவதால் இன்னும் விலகும்.

6 வயதில் பால் பல்லோடு புதுப் பல்லும் முளைக்க ஆரம்பித்திருக்கும். விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. நிரந்தரப் பல் வேரோடு வந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல் பக்கம் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பல் மருத்துவரிடம் போங்கள். எதிர்க்கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கினால் போதும்.

தெரு நாய்கள் உள்ளே வருகின்றன.

ஓடாதே, அசையாமல் நில், கண்ணைப் பார்க்காதே. பெரியவளுக்கும் நடுவுள்ளவனுக்கும் இதை நடித்துக் காட்டிப் பழக்குங்கள், குட்டியை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். குட்டி போட்ட நாய் இருக்கிற பக்கம் போகவே வேண்டாம். கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, சிராய்ப்புத்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருத்துவர் சொன்ன எல்லா நாளும் போய் எல்லா ஊசியும் முடிக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒருவர் காணாமல் போனால்?

கிளம்பும்போதே வீட்டு வாசலில் மூன்று பேரையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அன்று என்ன நிறச் சட்டை என்பது பதற்றத்தில் மறந்துபோகும். கூட்டமான நாளில் குட்டியின் முன்கையில் உங்கள் நம்பரை பேனாவால் எழுதுங்கள். நுழைந்ததும் ஒரு இடத்தைக் காட்டி, "என்னைக் காணோம்னா இங்க வந்து நில்லு, தேடாதே" என்று நடுவுள்ளவனிடம் சொல்லுங்கள், எங்களுக்கு அது வாட்ச்மேன் நாற்காலி.

காணோம் என்று தெரிந்ததும் முதலில் கேட்டுக்குப் போங்கள், அல்லது யாரையாவது கேட்டில் நிற்கச் சொல்லுங்கள், அப்புறம் தேடுங்கள். நிறத்தைச் சொல்லிச் சத்தமாகக் கத்துங்கள், "மஞ்சச் சட்டை, 2 வயசுப் பாப்பா" என்றால் பத்துப் பேர் தேடுவார்கள். சில நிமிடங்களில் கிடைக்கவில்லை என்றால் அவசர உதவிக்கான 112, அல்லது குழந்தைகள் உதவிக்கான 1098.

மகளுக்கு 13 ஆகிறது. பூங்காவுக்கு வர மாட்டேன் என்கிறாள்.

எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு வருடத்தில் வரப்போகிற கேள்வி, அதனால் இப்போதே கவனித்து வருகிறேன். அந்த வயதுப் பையன்கள் திடல் முழுக்க இருக்கிறார்கள், பெண்களைக் காணோம். வயதுக்கு வந்ததும் "இன்னும் என்ன ஊஞ்சல்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், பூங்காவிலும் யாராவது பார்த்திருப்பார்கள். பிள்ளைத்தமிழில் பெண்பாலுக்கென்று வைத்த பருவங்களில் ஒன்று ஊசல், அதே ஊஞ்சல்தான், அதிலிருந்து பெண்ணை இறக்கிவிட நமக்கு என்ன அவசரம் என்று தெரியவில்லை.

தனியாக வரச் சொன்னால் வர மாட்டாள். அவள் வயதில் இன்னும் இரண்டு பேரைச் சேருங்கள், மூன்று பேராக வந்தால் நிற்பார்கள். இறகுப் பந்து மட்டை இரண்டு வாங்கிக் கொடுங்கள். எதுவும் ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் விடுங்கள், அவளுக்கும் அது வெளிக்காற்று. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளத்தான் வரச் சொல்கிறீர்கள் என்று அவளுக்குத் தோன்றினால் மட்டும் நிச்சயம் வர மாட்டாள்.

ஊஞ்சல் சங்கிலி தேய்ந்திருக்கிறது, சறுக்குமரத்தில் ஓட்டை. யாரிடம் சொல்வது?

சென்னையில் மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண் 1913. பூங்காவின் பெயர், தெரு, வார்டு எண், என்ன உடைந்திருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லி, புகார் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 வார்டு இருப்பதால் எண் தெரியாவிட்டால் அங்கேயே நேரம் போகும். படம் எடுத்து வார்டு கவுன்சிலருக்கும் அனுப்புங்கள். அதுவரை அந்தக் கருவியில் வேறு பிள்ளை ஏறாமல் ஒரு கயிறோ பழைய துணியோ குறுக்கே கட்டிவிடுங்கள், வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு.

கிளம்பலாம் என்றால் மூன்று பேரும் மூன்று பக்கம் ஓடுகிறார்கள்.

"போகலாம் வா" என்று திடீரென்று சொன்னால் ஓடத்தான் செய்வார்கள். குட்டிக்கு நேரம் புரியாது, அதனால் "இன்னும் மூணு தடவ சறுக்கிட்டு பை சொல்லுவோம்" என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். நடுவுள்ளவனுக்கு ஒரு வேலை கொடுங்கள், தண்ணீர் பாட்டிலையும் பந்தையும் பையில் போடுவது அவன் பொறுப்பு. வாசலில் பஞ்சுமிட்டாயும் சுண்டலும் நிற்கும், எந்தக் கிழமை உண்டு, எந்தக் கிழமை இல்லை என்று முன்பே பேசி வைத்துவிட்டால் கேட்டில் அழுகை இருக்காது, எங்களுக்கு வெள்ளிக்கிழமை சுண்டல்.

பெரியவளைக் கடைசியில்தான் கூப்பிடுவேன். ஆறு மணிக்குக் கூட்டம் குறைந்து ஊஞ்சல் ஒன்று காலியாகும், குட்டி என் இடுப்பில் இருப்பாள், தம்பி பையை வைத்துக்கொண்டு நிற்பான், அவள் உட்காருவாள், நான் ஒரு கையால் பின்னாலிருந்து தள்ளுவேன், ஐம்பது வரை தம்பிதான் எண்ணுவான்.